கார் கம்பெனி “முடியாது”ன்னு சொன்னா, “லைசென்ஸ் என்ன விலை?”ன்னு கேளுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். இன்னைக்கு ஓபி சீக்கிரம் முடிஞ்சுது. ரொம்ப நாளா மனசுல கிடக்கிறதை முழுசா எழுதிடறேன். பொறுமை இருக்கிறவங்க தொடர்ந்து வாங்க.

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நான் கேட்கிற வார்த்தை “முடியாது”. “சிகரெட்டை விட முடியாது டாக்டர்.” “காலையில எழுந்து நடக்க முடியாது டாக்டர்.” “ராத்திரி சோறு இல்லாம முடியாது.” இதுல நிஜமாவே முடியாதவங்க இருக்காங்க. முட்டி தேய்ஞ்சுபோன அறுபத்தஞ்சு வயசு அம்மா நடக்க முடியாதுன்னு சொன்னா அது உண்மை, எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சுடும். மத்தவங்க சொல்ற “முடியாது”க்கு அர்த்தம் “மனசில்லை”. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறதுதான் எங்க வேலையில பாதி.

கார் கம்பெனிகள் எழுபது வருஷமா இதே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. புகையைக் குறைக்க முடியாது. பெட்ரோல் செலவை இதுக்கு மேல குறைக்க முடியாது. இந்தத் தேதிக்குள்ள முடியாது. நம்ம நாட்டுல கார்களுக்கான அடுத்த கட்ட எரிபொருள் சிக்கன விதி 2027 ஏப்ரல்ல இருந்து வரணும்னு திட்டம். அதைப் பத்தின டிவி விவாதங்கள்லயும் அதே பாட்டுதான் ஓடுது. அந்த “முடியாது”க்கும் ஒரு எக்ஸ்ரே இருக்கு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

“நீங்க டாக்டர், உங்களுக்கு இன்ஜின் பத்தி என்ன தெரியும்?”னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா சைலன்சர் வழியா வெளியே போறது கடைசியில வந்து சேர்ற இடம் என் ஓபி. வாழ்க்கையில ஒரு பீடி கூடப் பிடிக்காத ஆட்டோக்காரர், நாற்பத்தி நாலு வயசு, நெஞ்சுல விசில் சத்தத்தோட உள்ளே வர்றார். சிக்னல்ல நிக்கிறதே அவர் தொழில்ல பாதி நேரம். அவர்கிட்ட “புகையைத் தவிர்த்துடுங்க”ன்னு சீட்டுல எழுதிக் கொடுக்கிறப்ப எனக்கே வெட்கமா இருக்கு.

சரி, கதைக்கு வருவோம். இடம் அமெரிக்கா, லாஸ் ஏஞ்சலஸ்.

1940கள்ல இருந்தே அந்த ஊர்ல கண் எரியும், தொண்டை கரகரக்கும், மலை தெரியாத அளவுக்குப் பழுப்புப் புகைமூட்டம். யார் காரணம்னு தெரியலை. ஹாகன்-ஸ்மிட்னு ஒரு வேதியியல் பேராசிரியர், அன்னாசிப்பழ வாசனை எதனால வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர், அதை நிறுத்திட்டு ஊர்க்காற்றைப் பிடிச்சு ஆராய்ஞ்சார். கார் புகையும் எண்ணெய் ஆலைகள்ல இருந்து வர்ற ஆவியும் வெயில்ல வெந்துதான் இந்த மூட்டம்னு கண்டுபிடிச்சார். அந்த கவுன்டி நிர்வாகத்துல இருந்த கென்னத் ஹான்னு ஒரு மக்கள் பிரதிநிதி 1953ல இருந்து டெட்ராய்ட் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல கடிதம் போட்டார். எங்க ஊர் மூச்சுத் திணறுது, என்ன செய்யப்போறீங்கன்னு கேட்டார். ஃபோர்டுல இருந்து முதல்ல வந்த பதிலோட சாரம்: புகை காற்றுல சீக்கிரம் கலைஞ்சு போயிடும், அதனால பிரச்சனை இல்லை.

இதுக்கு அப்புறம் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை. 1955ல பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குள்ள ஒரு லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டாங்க. புகை கட்டுப்பாட்டுக் கருவிக்கு யார் காப்புரிமை வாங்கினாலும் மத்தவங்க எல்லாரும் ராயல்டி இல்லாம பயன்படுத்தலாம்னு. கேட்கிறதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு! நானும் முதல்ல படிச்சப்போ பரவாயில்லையேன்னுதான் நினைச்சேன்.

உள்ளே இருந்த சூட்சுமம் வேற. கஷ்டப்பட்டு முதல்ல கண்டுபிடிக்கிறவனுக்குத் தனி லாபம் எதுவும் கிடையாதுன்னா எவன் முந்துவான்? பந்தயமே இல்லைன்னா ஓடவும் தேவையில்லை. 1969 ஜனவரியில அமெரிக்க நீதித்துறையே இவங்க மேல வழக்குப் போட்டது. 1953ல இருந்து கூட்டுச் சேர்ந்து புகை கட்டுப்பாட்டுக் கருவிகளை வளரவிடாம தாமதம் பண்ணினாங்கன்னு குற்றச்சாட்டு. வழக்கு விசாரணைக்கே போகலை. தப்பை ஒத்துக்காம, இனிமே இப்படிச் செய்ய மாட்டோம்னு அதே வருஷம் சமரசக் கையெழுத்துப் போட்டு முடிச்சுக்கிட்டாங்க.

நடுவுல 1964ல ஒரு விஷயம் நடந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் இருந்துச்சு: வேலை செய்யற கருவி ரெண்டு வந்துட்டா, அதுக்கு அடுத்து வர்ற புது கார்கள்ல அது கட்டாயம். கார் கம்பெனிகள் 1967க்கு முன்னால முடியாதுன்னாங்க. அந்த ஜூன்ல, கார் கம்பெனிகளுக்குச் சம்பந்தமே இல்லாத வெளி ஆட்கள் செஞ்ச நாலு கருவிகளுக்கு மாநில வாரியம் ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட்லயே கம்பெனிகள் வந்து நின்னாங்க: “எங்க சொந்தக் கருவியை 1966 மாடல்லயே கொடுத்துடறோம்.” பத்து வருஷமா முடியாதது ரெண்டு மாசத்துல முடிஞ்சது. நடுவுல எந்த அறிவியல் அதிசயமும் நடக்கலை. அடுத்தவன் பொருளைக் காசு கொடுத்து வாங்கி மாட்டணுமேங்கிற பயம் வந்துச்சு, அவ்வளவுதான்.

நான் சொன்ன எக்ஸ்ரே இதுதான். அதே பொருளை வேற ஒருத்தன் செஞ்சு, விற்கவும் தயாரா இருக்கானா?

1970. செனட்டர் எட்மண்ட் மஸ்கி முன்னெடுத்த தூய காற்றுச் சட்டம் அமெரிக்காவுல வருது. 1975 மாடல் கார்கள்ல கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 1970ல இருந்த அளவுல பத்துல ஒரு பங்காகணும். நைட்ரஜன் ஆக்சைடுக்கு இன்னும் ஒரு வருஷம் கூடுதல் அவகாசம். ஃபோர்டுல அப்போ பெரிய பொறுப்புல இருந்த லீ அயகோகா, இந்தச் சட்டம் வந்தா 1975 ஜனவரிக்கு அப்புறம் கார் தயாரிப்பே நின்னுபோகலாம்னு எச்சரிச்சார். தயாரிப்பே நின்னுபோகுமாம்.

அந்த நேரத்துல ஜப்பான்ல ஒரு கம்பெனி. மோட்டார் சைக்கிள்ல ராஜா, கார்ல கத்துக்குட்டி. முதல் நாலு சக்கர வண்டியையே 1963லதான் வித்தாங்க. பேர் ஹோண்டா.

அவங்க செஞ்ச இன்ஜின் பேர் சி.வி.சி.சி. எப்படி வேலை செய்யுதுன்னு எளிமையா சொல்றேன். பெட்ரோல் இன்ஜின்ல காற்றை அதிகமாக்கி பெட்ரோலைக் குறைச்சா பெட்ரோலும் மிச்சம், கார்பன் மோனாக்சைடும் கம்மி. ஆனா அந்த நீர்த்த கலவை சரியா பத்திக்காது. நம்ம பாட்டி விறகடுப்பு பத்தவைக்கிறப்ப என்ன செய்வாங்க? பெரிய கட்டைக்கு நேரா தீக்குச்சியைக் காட்ட மாட்டாங்க. காய்ஞ்ச பன்னாடையைக் கொளுத்தி அடியில சொருகுவாங்க. அது குபுகுபுன்னு எரிஞ்சு கட்டையைப் பிடிக்கவைக்கும். ஹோண்டா செஞ்சதும் அதுதான். ஒவ்வொரு சிலிண்டர் தலையிலயும் ஒரு குட்டி அறை. அதுக்குன்னு தனியா ஒரு சின்ன வால்வு. அந்த அறைக்குள்ள மட்டும் பெட்ரோல் அதிகமான கலவை போகும். ஸ்பார்க் பிளக் அதைப் பத்தவைக்கும், அந்தச் சுவாலை பெரிய அறைக்குள்ள பாய்ஞ்சு நீர்த்த கலவையை நிதானமா எரிக்கும். உச்ச வெப்பம் குறையறதால நைட்ரஜன் ஆக்சைடு கம்மி. சூடு அதிக நேரம் நிக்கிறதால மிச்சமீதி கார்பன் மோனாக்சைடும் எரிஞ்சு போயிடும். வெளியே தனியா கேட்டலிடிக் கன்வர்ட்டர் எதுவும் மாட்டவேண்டாம்.

1972 டிசம்பர்ல அமெரிக்காவோட இ.பி.ஏ. சோதனையில இந்த இன்ஜின் பாஸ். உலகத்தின் மிகப்பெரிய கம்பெனிகள் முடியாதுன்னு சொன்ன 1975 விதியை, இருக்கிறதுலயே புதுப் பையன் வந்து தாண்டிட்டான்.

ஹோண்டா அந்த இன்ஜினைப் பூட்டி வைக்கலை, மத்த கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தாங்க. டொயோட்டா வாங்கிச்சு. அதைவிட எத்தனையோ மடங்கு சின்ன கம்பெனிகிட்ட, கௌரவம் பார்க்காம. இசுஸு வாங்கிச்சு. ஃபோர்டும் கிரைஸ்லரும்கூட வாங்கினாங்க. கவனிங்க: தயாரிப்பே நின்னுபோகும்னு சொன்ன அதே ஃபோர்டுதான்.

ஜி.எம். வாங்கலை. இந்தத் தொழில்நுட்பம் பொம்மை மாதிரி சின்ன இன்ஜினுக்கு சரி, எங்க பெரிய காருக்கு ஆகாதுன்னு ஜி.எம். தலைவர் சொன்னதா ஒரு கதை உண்டு. கதையை விடுங்க, காரைப் பாருங்க. ஹோண்டா ஒரு 1973 ஷெவர்லே இம்பாலாவை எடுத்துச்சு. 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், ஜி.எம்.மோட சொந்தக் கார். அதுக்கு சி.வி.சி.சி. முறையில புது சிலிண்டர் ஹெட் செஞ்சு மாட்டி, இ.பி.ஏ. சோதனைக்கே கொடுத்தாங்க. 1975 விதியில பாஸ். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இனிமேதான் எனக்குக் கோபம் வர்ற இடம்.

1973 பிப்ரவரியில அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தோட குழுவும் இந்த மாதிரி இன்ஜின்தான் நம்பிக்கை தர்ற வழின்னு அறிக்கை கொடுத்தது. அதே மாசம் கம்பெனிகள் போட்ட வழக்குல நீதிமன்றம் இ.பி.ஏ.வை மறுபடி யோசிக்கச் சொன்னது. ஏப்ரல் 11ஆம் தேதி இ.பி.ஏ. தலைவர் ரக்கல்ஸ்ஹாஸ் ஒரு வருஷம் ஒத்திவச்சார். அதுக்கு அப்புறம் எண்ணெய் நெருக்கடியைக் காரணம் காட்டி ஒரு தள்ளல். 1977ல மறுபடி ஒண்ணு. 1975ல வரவேண்டிய ஹைட்ரோகார்பன் அளவு 1980லயும், கார்பன் மோனாக்சைடு அளவு 1981லயும்தான் முழுசா வந்தது. நைட்ரஜன் ஆக்சைடு இலக்கையே தளர்த்திட்டாங்க. ஃபோர்டும் கிரைஸ்லரும் வாங்கின லைசென்ஸ்ல இருந்து ஒரு காரும் கடைக்கு வரலை.

மருந்துச் சீட்டை வாங்கி, மருந்தையும் வாங்கி, வீட்டு அலமாரியில வச்சுட்டு “எதுவும் கேட்க மாட்டேங்குது டாக்டர்”னு வர்ற பேஷன்ட்டைப் பார்த்திருக்கேன். அவர் கெடுத்துக்கிறது தன் உடம்பை மட்டும்.

இங்க கார்பன் மோனாக்சைடு பத்தி ஒரு நிமிஷம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். 2002ல ஜாமா இதழ்ல வந்த ஒரு ஆய்வு: அமெரிக்காவுல 1975ல புகைக் கட்டுப்பாடு வந்ததுக்கு அப்புறம், வண்டிப் புகையால தற்செயலா நடக்கிற கார்பன் மோனாக்சைடு விஷச் சாவு பத்து லட்சம் பேருக்கு 4 என்பதிலிருந்து ஒண்ணுக்கும் கீழே இறங்கியிருக்கு. 1998 வரைக்கும் சுமார் 11,700 சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம்னு கணக்கு. பூட்டின கராஜ், ஓடிக்கிட்டே இருந்த இன்ஜின், தூங்கிப்போன மனுஷன், இந்த வகைச் சாவு மட்டும்தான் இந்தக் கணக்குல. நெஞ்சு நோய், ஆஸ்துமா எதுவும் சேரலை. இப்போ ஒவ்வொரு வருஷத் தள்ளிவைப்புக்கும் என்ன விலைன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

ஹோண்டா பக்தனாட்டம் எழுதறேன்னு யாரும் நினைச்சுடக்கூடாது. அதனால அடுத்த பக்கத்தையும் சொல்லிடறேன். சி.வி.சி.சி.க்கு கன்வர்ட்டர் தேவையில்லைங்கிறதால ஈயம் கலந்த பெட்ரோல்லயும் அது ஓடும். கன்வர்ட்டரோ ஈயம் பட்டா செத்துடும். 1975ல இருந்து ஜி.எம். போன்ற கம்பெனிகள் கன்வர்ட்டர் வழியில போனதாலதான் அமெரிக்க பங்குகள்ல ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயமா வந்தது. 1976க்கும் 1980க்கும் நடுவுல அமெரிக்கர்களோட ரத்தத்துல ஈயத்தோட சராசரி அளவு 37 சதவீதம் இறங்கிச்சு. குழந்தைங்க மூளைக்கு ஈயம் என்ன பண்ணும்னு தெரிஞ்ச எந்த டாக்டரும் இதைச் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டார். எல்லாரும் ஹோண்டா லைசென்ஸ் வாங்கியிருந்தா ஈயம் இன்னும் சில வருஷம் நம்ம பெட்ரோல்ல இருந்திருக்கலாம். பின்னாடி ஆக்சிஜன் சென்சாரோட வந்த மூவழி கன்வர்ட்டர் சி.வி.சி.சி.யையே தாண்டிடுச்சு, ஹோண்டாவும் அதுக்கு மாறிடுச்சு.

அதனால “இந்த இன்ஜின்தான் தெய்வம்”னு நான் சொல்ல வரலை. வெளியே இருந்து ஒருத்தன் “என்னால முடிஞ்சது, வேணுமா?”ன்னு கேட்டதால, மத்தவங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில செஞ்சே ஆகவேண்டிய கட்டாயம் வந்தது. அதைத்தான் சொல்றேன்.

“அடுத்தவன் லைசென்ஸ் கொடுக்க மாட்டேன்னு உட்கார்ந்துட்டா?”ன்னு ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. அமெரிக்காவோட அந்த 1970 சட்டத்துலயே இதுக்கு ஒரு பிரிவு இருக்கு. விதியை நிறைவேத்த ஒரு காப்புரிமை அவசியம், வேற மாற்று வழி இல்லைன்னா, நியாயமான ராயல்டிக்கு அதைக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போடலாம். நமக்கு இது புதுசில்லை. 2012ல நம்ம நாட்டுக் காப்புரிமை அலுவலகம், பேயர் கம்பெனியோட சொராஃபெனிப்ங்கிற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க ஹைதராபாத் நாட்கோவுக்கு கட்டாய லைசென்ஸ் கொடுத்தது. மாசம் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் இருந்த மருந்து 9 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. பேயருக்கு 6 சதவீதம் ராயல்டி. உயிர் காக்கிற மாத்திரைக்கு இது நியாயம்னா, அந்த உயிர் இழுக்கிற காற்றுக்கு மட்டும் ஏன் நியாயம் இல்லை?

அடுத்து ஜெர்மனி. இது நமக்கு ஞாபகம் இருக்கிற காலம்.

டீசல் இன்ஜின் மைலேஜ்ல கில்லாடி. கரியமில வாயுவும் கம்மி. ஆனா நைட்ரஜன் ஆக்சைடு அதிகம். மைலேஜ் நல்லா இருந்தா வண்டி சுத்தம்னு அர்த்தமில்லை. இதை எல்லாரும் மனசுல போட்டுக்கணும். நைட்ரஜன் டை ஆக்சைடு தண்ணியில லேசா கரையாது. அதனால மூக்கு, தொண்டையில நிக்காம நேரா நுரையீரலோட கடைசிக் குழாய்கள் வரைக்கும் இறங்கிடும். ஆஸ்துமா குழந்தைக்கு அது நெருப்பு.

2000களோட நடுவுல அமெரிக்கா நைட்ரஜன் ஆக்சைடு அளவை மைலுக்கு 0.07 கிராம்னு கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வாகனோட டீசல் இன்ஜின் அதுல தேறாது. மெர்சிடிஸ்கிட்ட ப்ளூடெக்னு ஒரு தொழில்நுட்பம் இருந்தது. யூரியா கரைசலைப் புகையில தெளிச்சு நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கிற முறை. ஃபோக்ஸ்வாகன் பிராண்டுக்கு அப்போ தலைவரா இருந்த வோல்ஃப்கேங் பெர்ன்ஹார்ட் அதை லைசென்ஸ் எடுப்போம்னார். 2006ல கூட்டு அறிவிப்பும் வந்தது. 2007ல அவர் வெளியே போனார், ஒப்பந்தமும் போச்சு. செலவு, டேங்குக்கு இடம், அதுக்கு மேல சொந்த இன்ஜின் இருக்கிறப்ப அடுத்தவன்கிட்ட ஏன் கை ஏந்தணும்கிற வீம்பு.

லைசென்ஸுக்குப் பதிலா என்ன வாங்கினாங்க? ஒரு பொய். ஸ்டியரிங் அசையுதா, எவ்வளவு நேரமா ஓடுதுன்னு பார்த்து, “இது சோதனைக் கூடம்”னு கண்டுபிடிச்சா மட்டும் புகையைச் சுத்தம் பண்ற சாஃப்ட்வேர். ரோட்டுக்கு வந்தா அனுமதிச்ச அளவுல 40 மடங்கு வரைக்கும் நைட்ரஜன் ஆக்சைடு. வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழகத்துல ஒரு சின்னக் குழு, கருவியை டிக்கியில வச்சு ரோட்டுல ஓட்டிப் பார்த்ததுல குட்டு வெளிப்பட்டது. 2015 செப்டம்பர் 18ஆம் தேதி இ.பி.ஏ. நோட்டீஸ். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். நம்ம நாட்டுல மட்டும் 3 லட்சத்துக்கு மேல திரும்ப அழைச்சாங்க. அமெரிக்காவுல 2016ல ஒரே சமரசத்துக்கு ஒத்துக்கிட்ட தொகை 1,470 கோடி டாலர். ராயல்டி கட்டி யூரியா டேங்க் மாட்டியிருந்தா இதுல எத்தனை பங்கு ஆகியிருக்கும்?

இதுலயும் ஒரு கேவலம் உண்டு. எனக்கு டாக்டர்ங்கிற முறையில ரத்தம் கொதிக்கிற இடம். ஃபோக்ஸ்வாகன், டெய்ம்லர், பி.எம்.டபிள்யூ. பணத்துல நடந்த ஒரு அமைப்பு, நவீன டீசல் புகை பாதிப்பில்லைன்னு காட்டுறதுக்காக 2014ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு நடத்தியது. பத்துக் குரங்குகளைக் கூண்டுல அடைச்சு, டிவியில கார்ட்டூன் போட்டுவிட்டு, மணிக்கணக்கா புகையை இழுக்க வச்சாங்க. புகை கொடுத்த காரே அந்தப் பொய் சாஃப்ட்வேர் உள்ள கார். அறிவியல்னு பேர் வச்சு இதைவிட அசிங்கமா ஏதாவது பண்ண முடியுமா?

“அப்போ மெர்சிடிஸ் யோக்கியமா?” இல்லை. ப்ளூடெக்கை வித்த அதே டெய்ம்லர், தன் டீசல் வண்டிகள்லயும் ஏமாத்து சாஃப்ட்வேர் இருந்ததுங்கிற குற்றச்சாட்டுல 2020ல அமெரிக்காவுல 150 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு. நல்ல மருந்து இருந்தும் டோஸைக் குறைச்சா என்ன ஆகும்? அதுதான். அதனால லைசென்ஸ் வாங்கினதோட விட்டுடக்கூடாது, ரோட்டுல ஓட்டி அளக்கணும்.

இதே 2020 டிசம்பர்ல லண்டன்ல ஒரு மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். 2013ல ஆஸ்துமாவால இறந்துபோன ஒன்பது வயசுக் குழந்தை. பரபரப்பான சாலைக்குப் பக்கத்துல வீடு. சாவுக்குக் காரணங்கள்ல காற்று மாசையும் சேர்த்தார், முக்கியமான மூலம் வண்டிப் புகைன்னும் எழுதினார். நான் எத்தனையோ இறப்புச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணுல கூட அப்படி எழுதினதில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். 2017 மார்ச் கடைசி ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 1ல இருந்து பி.எஸ்-3 வண்டி விற்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கம்பெனிகள் கையில எட்டு லட்சத்துக்கும் மேல விற்காத வண்டி. விதி வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சும் செஞ்சு குவிச்சது. கம்பெனிகளோட வியாபாரத்தைவிட மக்கள் ஆரோக்கியம் முக்கியம்னு நீதிமன்றம் தெளிவா சொன்னது. ரெண்டே நாள். பைக்குக்கு ஆயிரக்கணக்குல தள்ளுபடி. ஷோரூம் வாசல்ல திருவிழாக் கூட்டம். அந்த வரிசையில என் தம்பியும் நின்னான். பணம் போட்டது நான். நெஞ்சு நோய் டாக்டர்! தள்ளுபடின்னதும் எனக்கும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோச்சு. அதனால மக்களை நான் திட்டலை. விலை குறைஞ்சா வாங்குவோம், நாம அப்படித்தான். அதனாலதான் விதியைக் கடைக்காரர்கிட்டயும் நம்மகிட்டயும் விடாம அரசு கையில வச்சிருக்கணும்.

அப்புறம் பி.எஸ்-5ஐத் தாண்டி நேரா பி.எஸ்-6க்கு 2020 ஏப்ரல்ல போறோம்னு அரசு சொன்னப்பவும் அவகாசம் போதாதுன்னு குரல் வந்தது. போயாச்சு. எந்தத் தொழிற்சாலையும் இதனால மண்ணாப் போகலை.

இப்போ எரிபொருள் சிக்கனத்துக்கு வாங்க. டொயோட்டா 2019 ஏப்ரல்ல தன்னோட ஹைபிரிட் தொழில்நுட்பத்துக்கான சுமார் 23,740 காப்புரிமைகளை ராயல்டி இல்லாமலே தர்றேன், 2030 வரைக்கும்னு அறிவிச்சது. டொயோட்டா ஒண்ணும் அன்னசத்திரம் நடத்தலை. அவங்களுக்குப் பாகம் விற்கணும், ஹைபிரிட் சந்தை பெருகணும். மின்சார வண்டிக்கு உலகமே வேகமா ஓடிடக்கூடாதுங்கிற கவலையும் இருக்கும்னு எனக்குத் தோணுது. இருக்கட்டும். எந்த நோக்கத்துல கதவைத் திறந்தாலும் கதவு திறந்துதான் இருக்கு. இதே தொழில்நுட்பத்தை நிசான் 2000கள்லயே லைசென்ஸ் எடுத்து அமெரிக்காவுல கார் வித்துச்சு. நம்ம நாட்டுல 2022ல இருந்து மாருதி கிராண்ட் விட்டாராவுல ஓடுறதும் டொயோட்டா ஹைபிரிட்தான்.

“விலை ஏறும், நடுத்தரக் குடும்பம் கார் வாங்க முடியாது”ன்னு சொல்வாங்க. ஏறலாம். ஆனா அந்த நடுத்தரக் குடும்பம் ஏற்கனவே கட்டிக்கிட்டுத்தான் இருக்கு. கார் லோன்ல வரலை, மெடிக்கல் ஷாப் பில்லுல வருது. என்கிட்ட வர்ற ஆட்டோக்காரர் மாசாமாசம் இன்ஹேலருக்குக் கொடுக்கிற காசு, அவர் வாங்காத காருக்கான ராயல்டி. அந்தக் காரை அவர் வாழ்நாள்ல வாங்கப்போறதில்லை.

“எலக்ட்ரிக் வந்துடும், பழைய இன்ஜின் பத்தி ஏன் பேச்சு?”ன்னும் கேட்பாங்க. இன்னைக்கு ஷோரூம்ல இருந்து வெளியே வர்ற பெட்ரோல் வண்டி இன்னும் பதினஞ்சு வருஷம் நம்ம தெருவுல ஓடும். இப்போ பிறக்கிற குழந்தை பத்தாவது எழுதற வரைக்கும்.

வரைவு விதி வர்றப்ப பொதுமக்கள் கருத்துக்கு நாள் கொடுப்பாங்க. நம்மள்ல யாரும் எழுதறதில்லை. கம்பெனிகள் மட்டும் கட்டுக்கட்டா அனுப்புவாங்க. இந்த முறை நான் அனுப்பப்போற கடிதம் ரொம்பச் சின்னது. அவகாசம் கேட்கிற ஒவ்வொரு கம்பெனிகிட்டயும் எழுத்துல வாங்கி, அதை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடச் சொல்லி அஞ்சு கேள்வி: எந்தத் தொழில்நுட்பம் உங்ககிட்ட இல்லை? அது இப்போ யார்கிட்ட இருக்கு? அவங்ககிட்ட லைசென்ஸ் கேட்டீங்களா, எந்தத் தேதியில? அவங்க சொன்ன விலை என்ன? ஒரு வண்டிக்கு அது எத்தனை ரூபாய் வருது?

இதை அப்படியே எடுத்து உங்க பேர்ல அனுப்பிக்கலாம், எனக்கு ராயல்டி வேண்டாம். தம்பியோட அந்த பி.எஸ்-3 பைக் இன்னும் ஓடுது. என் வீட்டு வாசல்லதான் நிக்குது.